அகழியில் விழுந்தவர்கள்

வைகைச் சீமை – அத்தியாயம் 23

மதுரைக் கோட்டையின் மேல் யூசுப்கான் பிரெஞ்சுக் கொடியை ஏற்றியதோடு சென்ற அத்தியாயத்தை நிறுத்தியிருந்தோம். ஆண்டு 1763. அந்தப் பிப்ரவரியில்தான் பாரிஸ் நகரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானக் கையெழுத்துப் போட்டு ஏழாண்டுப் போரை முடித்திருந்தார்கள். அங்கே சண்டை ஓய்ந்த வருஷத்தில் இங்கே மூண்டது.

நடுவில் வந்து சேர்ந்த வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் சீமைப் பனையூரில் வேளாளர் வீட்டில் மருதநாயகமாகப் பிறந்தவர் யூசுப்கான். இளம் வயதிலேயே ஊரைவிட்டுக் கிளம்பி, இஸ்லாத்தைத் தழுவி, படைத்தொழிலுக்கு வந்தார். திருச்சிராப்பள்ளி முற்றுகைக் காலத்தில் ஆங்கிலக் கம்பெனியின் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் கீழ் போர் கற்றார். கம்பெனி அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்துத் தன் சிப்பாய்களுக்கெல்லாம் கமாண்டன்ட் ஆக்கியது. ஜனங்கள் வாயில் அவர் கும்மந்தான் கான்சாகிபு. 1758 கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை வளைத்தபோது, வெளியில் நின்று பிரெஞ்சுப் படையின் முதுகைக் குத்திக்கொண்டே இருந்தவர் இவர்தான். 1759-ல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய் கட்டுகிறேன், சீமையை என்னிடமே விடுங்கள் என்று கேட்டார். ஆர்க்காட்டு நவாபு முகமது அலிக்கு அது பிடிக்கவில்லை. வரியை யார் கையில் கொடுப்பது, யாருக்கு யார் கட்டுப்பட்டவர் என்று தொடங்கிய தகராறு பீரங்கியில் வந்து நின்றது.

முற்றுகையின் கதையை நமக்குச் சொன்னவர்கள் பெரும்பாலும் தளபதிகளின் கண்ணால் பார்த்துச் சொன்னவர்கள். 1914-ல் யூசுப்கானைப் பற்றி எஸ்.சி. ஹில் எழுதிய தடித்த நூலும் கம்பெனியின் கடிதங்களிலிருந்து கட்டப்பட்டதுதான். அவற்றில் ஆங்கில அதிகாரிக்குப் பெயர் இருக்கும், காயம் எங்கே பட்டது என்பதுகூட இருக்கும். சிப்பாய்க்கு எண்ணிக்கை மட்டும் இருக்கும். சில இடங்களில் அதுவும் இல்லை. இந்த அத்தியாயத்தில் அந்தச் சிப்பாய்களின் பக்கம் நிற்க முயல்கிறேன்.

கம்பெனிக்காக நம்மவர்கள் இந்தச் சமவெளியில் விழத் தொடங்கியது 1763-க்கு முன்பே. 1755-ல் கர்னல் ஹெரான் என்பவர் நவாபுக்கு வரி தண்ட ஒரு படையோடு தெற்கே வந்தார். அந்தப் படையில் யூசுப்கானும் இருந்தார். வழியில் கோயில்குடியில் கோயிலைச் சூறையாடி, விக்கிரகங்களைத் தூக்கி வந்து, பணம் கொடுத்தால் திருப்பித் தருவதாகப் பேரம் பேசினார்கள். பணம் வரவில்லை. மே மாதக் கடைசியில் படை நத்தம் கணவாய் வழியாகத் திருச்சிக்குத் திரும்பியபோது, இருபுறமும் அடர்ந்த காட்டில் கள்ளர் நாட்டார் காத்திருந்தார்கள். வரிசை நீண்டு, வண்டிகள் சேற்றில் சிக்கி, முன்னணிக்கும் பின்னணிக்கும் தொடர்பு அறுந்த நேரத்தில் பாய்ந்தார்கள். 'சாமி, சாமி' என்ற கூக்குரல் காடெங்கும் கேட்டதாக, அந்தக் காலத்திலேயே வரலாறு எழுதிய ராபர்ட் ஓர்ம் பதிவு செய்திருக்கிறார். விக்கிரகங்கள் மீட்கப்பட்டன. ஹெரான் சென்னையில் விசாரணைக்கு நின்று வேலையை இழந்தார். அந்தக் கணவாயில் செத்தவர்களில் துப்பாக்கி பிடித்தவர்களைவிட மூட்டை சுமந்தவர்களும் மாடு ஓட்டியவர்களும் படையோடு வந்த குடும்பத்தாரும் அதிகம் இருந்திருப்பார்கள். இன்று மதுரையிலிருந்து நத்தம் போகும் சாலையில் பறக்கும் பாலமே வந்துவிட்டது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கோயிலை மீட்கப் பாய்ந்தவர்களும், கூலிக்குச் சுமந்து வந்தவர்களும் ஒரே மண்ணில் கிடக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

சிப்பாய் என்றால் யார்? அன்றைய சென்னைப் படையில் தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் எனப் பலரும் இருந்தார்கள். மழை பொய்த்த ஊரிலிருந்து வந்தவன், பழைய பாளையத்தில் வேல் பிடித்த குடும்பத்தில் பிறந்தவன், அண்ணன் சேர்ந்தான் என்று கூடவே சேர்ந்த தம்பி, எல்லோரும் உண்டு. மாதச் சம்பளம் என்பது அன்றைக்குப் பெரிய ஈர்ப்பு. பெண்டாட்டி பிள்ளைகள் படையோடு கூடவே வருவார்கள். முகாமுக்குப் பின்னால் ஒரு சிறு ஊரே நகரும். சிப்பாய் செத்தால் அன்று மாலையே அந்த ஊருக்குள் தாலி அறுக்கும் ஒப்பாரி கேட்கும்.

மதுரை முற்றுகையில் இதைவிட மனத்தை வதைக்கும் ஒன்று உண்டு. சென்னைப் படையின் சிப்பாய்களை ஒழுங்குபடுத்தியவர்களில் முதன்மையானவர் யூசுப்கான். கோட்டைக்குள் அவரோடு நின்றவர்களும், வெளியில் கோட்டையை வளைத்தவர்களும் அதே கவாத்துப் பழகியவர்கள். தோட்டாவைப் பல்லால் கடித்துப் பிரிப்பது, மருந்தைத் துப்பாக்கிக் குழலில் கொட்டுவது, சொன்ன நொடியில் வரிசையாகச் சுடுவது எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றே. திருச்சியிலும் சென்னையிலும் ஒரே அணியில் நின்றவர்கள் மதுரை மதிலின் இருபுறமும் நின்றார்கள்.

முதல் முற்றுகை கர்னல் மான்சன் தலைமையில் 1763 செப்டம்பரில் தொடங்கியது. விசுவநாத நாயக்கர் காலத்துக் கோட்டை, அதற்குப் பின் பலர் பலப்படுத்தியது, யூசுப்கான் செப்பனிட்டது. எழுபத்திரண்டு கொத்தளம் என்பது மரபு. வெளியே ஆழமான அகழி. மான்சனின் பீரங்கிகளால் அதை உடைக்க முடியவில்லை. ஐப்பசி மழை பிடித்ததும் குழிகள் நிரம்பின, கூடாரங்கள் ஊறின, காய்ச்சல் பரவியது. நவம்பரில் படை பின்வாங்கியது. அந்தக் காலத்து முற்றுகைகளில் குண்டு பட்டுச் செத்தவர்களைவிட வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் அதிகம். அவர்களுக்கு வீரமரணப் பட்டம்கூடக் கிடைக்காது. முகாமின் ஓரத்தில் ஒரு பள்ளம், அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு மேஜர் சார்லஸ் கேம்பெல் தலைமை ஏற்றார். நகரைச் சுற்றியிருந்த சிறு அரண்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, மதிலை நோக்கிக் குழிகளை நகர்த்தி, பீரங்கி மேடைகளைக் கட்டி, சுவரில் உடைப்பு விழும்வரை சுட்டார்கள். 1764 ஜூன் 26-ம் தேதி ஏறிப் பிடிப்பது என்று முடிவாயிற்று.

அந்த நாளை ஒரு சிப்பாயின் இடுப்பு உயரத்திலிருந்து பார்க்க வேண்டும். தோளில் பட்டை, பட்டையில் தோல்பை, பைக்குள் காகிதத்தில் சுற்றிய தோட்டாக்கள். ஒவ்வொரு சுருளிலும் மருந்தும் ஈயக் குண்டும். காகிதம் நனைந்தால் மருந்து களியாகிவிடும், சிக்கிமுக்கிக் கல் எத்தனை முறை தட்டினாலும் பற்றாது. அகழியில் தண்ணீர் நின்றது. இறங்கினால் இடுப்புக்கு மேல். பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கலாம் என்றால் துப்பாக்கியை எந்தக் கையில் பிடிப்பது, ஏணியை யார் சுமப்பது? சேறு காலை இழுக்கிறது. மேலேயிருந்து குண்டும் கல்லும் வந்துகொண்டே இருக்கின்றன. அக்கரை ஏறிய பலரிடம் நனைந்த தோட்டாதான் மிஞ்சியது. துப்பாக்கி முனையில் செருகிய கத்தியை மட்டும் நம்பி உடைப்பில் ஏறினார்கள். மேலே நின்றவர்களின் மருந்து காய்ந்திருந்தது.

தாக்குதல் தோற்றது. மேஜர் பிரெஸ்டன் படுகாயமடைந்து பின்பு இறந்தார். கேம்பெல்லுக்கு அடுத்த நிலையில் இருந்தவர், முந்தைய முற்றுகையிலும் பங்கெடுத்தவர். அவர் பெயர் எல்லா நூல்களிலும் இருக்கிறது. அவர் நல்ல வீரர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவரோடு அன்று அகழிக்குள் இறங்கி, அக்கரை சேராமலே மூழ்கிய பனையூர்க்காரனோ, ஆம்பூர்க்காரனோ, நெல்லூர்க்காரனோ எந்தப் பக்கத்திலும் இல்லை. மதிலின் மேல் நின்று சுட்டவர்களிலும் செத்தவர்கள் இருந்தார்கள். கோட்டைக்குள்ளேயே அவர்களை அடக்கியோ எரித்தோ இருப்பார்கள். அவர்களுடைய ஊர்களும் இதே ஊர்கள்தான்.

அதற்குப் பிறகு கேம்பெல் ஏறிப் பிடிக்கும் எண்ணத்தை விட்டார். பட்டினி போட்டு நெருக்கினார். தானியம் உள்ளே போகும் வழிகளெல்லாம் அடைக்கப்பட்டன. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். கோட்டைக்குள் உணவு வற்ற, ஒற்றுமையும் வற்றியது. பிரெஞ்சுத் தலைவர் மர்ஷானுக்கும் யூசுப்கானுக்கும் மனக்கசப்பு முற்றியது. திவான் சீனிவாசராவ், மருத்துவர் பாபா சாகிபு, மர்ஷான் மூவரும் சேர்ந்து திட்டமிட்டார்கள். அக்டோபர் 13-ம் தேதி தொழுகையில் இருந்தவரைப் பிடித்துக் கட்டினார்கள். கோட்டை கைமாறியது. 15-ம் தேதி, நகருக்கு மேற்கே இருந்த முகாமில், நவாபின் ஆணைப்படி, கம்பெனியின் கண்ணெதிரே தூக்கிலிட்டார்கள். கயிறு இரண்டு முறை அறுந்தது என்று ஊர் சொல்லும். உடலைத் துண்டாக்கித் தலையைத் திருச்சிக்கும் கைகால்களைப் பாளையங்கோட்டைக்கும் பெரியகுளத்துக்கும் வேறு ஊர்களுக்கும் அனுப்பினார்கள் என்றும் சொல்லும். எத்தனை ஊர்களைச் சொல்லி வைத்தால் அந்த மனிதர்மேல் நவாபுக்கு இருந்த அச்சம் விளங்குமோ, அத்தனை ஊர்களையும் கதை சேர்த்துக்கொண்டது. மனைவி மாஸாவும் சின்னஞ்சிறு மகனும் நின்ற நிலையைப் பற்றிக் 'கான்சாகிபு சண்டை' கதைப்பாடலைக் கேட்ட தலைமுறைகள் அழுதிருக்கின்றன.

தூக்கிலிட்ட இடத்திலேயே அடக்கினார்கள். அந்த இடம் இன்றைய சம்மட்டிபுரம்.

காளவாசலில் இறங்கித் தேனி சாலையில் மேற்கே நடந்தால் இடப்பக்கம் வருகிறது கான்சாகிபு பள்ளிவாசல். 1808-ல், அதாவது தூக்கிலிட்டு நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, கல்லறை மேல் எழுப்பிய சிறிய சதுரக் கட்டடம். சாலையில் பேருந்துகள் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே போகின்றன, பக்கத்தில் கடைகள், மருந்தகம், செல்போன் பழுது பார்க்கும் இடம். உள்ளே செருப்பைக் கழற்றிவிட்டுப் போனால் சத்தம் பாதியாகக் குறைகிறது. கல்லறை மேல் பச்சைப் போர்வை, அதன்மேல் அன்றைய மல்லிகைச் சரம், தலைமாட்டில் ஊதுபத்தி எரிந்து வளைந்து விழாமல் நிற்கும் சாம்பல். நான் போயிருந்தபோது ஒரு தாய், காய்ச்சல் கண்ட பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் விபூதிக் கீற்று. அங்கிருந்த பெரியவர் தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்தார். "பாய், நாளைக்கும் வரணுமா?" என்று கேட்டார் அந்த அம்மா. "மூணு நாளைக்குக் கொண்டு வாம்மா, டாக்டரையும் பாத்துரு" என்றார் அவர்.

தூக்குக் கயிற்றில் முடிந்த ஒரு படைத்தலைவரிடம் ஜனங்கள் பிள்ளையின் காய்ச்சலுக்கு வருகிறார்கள் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்தச் சீமையில் அநியாயமாகச் செத்தவர்களைத் தெய்வமாக்கும் வழக்கம் பழையது. மதுரைவீரன் முதல் எத்தனையோ பேர். யூசுப்கானை நல்லவர், கெட்டவர் என்று ஒரு சொல்லில் அடக்கிவிட முடியாது. கள்ளர் நாட்டில் அவர் நடத்திய ஒடுக்குமுறை கொடியது, பாளையக்காரர்களின் கோட்டைகளைக் கம்பெனிக்காக இடித்தவரும் அவர்தான். அதே மனிதர் கோயிலுக்கு வருமானம் ஒதுக்கினார், வழிப்பறியை அடக்கினார், குளம் கால்வாய்களைச் செப்பனிட்டார். அவரது நிர்வாகத்தை ஆங்கிலேயரே, குறிப்பாகக் கர்னல் புல்லர்ட்டன், பின்னாளில் மெச்சி எழுதினார்கள். ஜான் மால்கம் அவரை ஆங்கிலேயரிடம் பணிபுரிந்த இந்தியப் படைவீரர்களில் ஈடிணையற்றவர் என்றே கருதினார். 1997-ல் கமல்ஹாசன் தொடங்கி நிறைவேறாமல் போன 'மருதநாயகம்' படத்தின் தொடக்க விழாவுக்கு இங்கிலாந்து ராணியே வந்தார். யூசுப்கானைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று, இனியும் எழுதுவார்கள்.

அவர் கல்லறையின் முன் நின்றபோது என் மனம் வேறு பக்கம் போயிற்று. படைத்தலைவருக்குப் பள்ளிவாசல் இருக்கிறது. மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவரிடம் கவாத்துக் கற்றவர்கள் எங்கே? இரண்டு முற்றுகைகளில் இந்த நகரைச் சுற்றி இத்தனை பேர் செத்திருக்க, அவர்களுக்கென்று ஒரு படைவீரர் இடுகாடு மதுரையில் இல்லை. ஒரு கல்லும் இல்லை.

கல் வைக்கத் தெரியாத ஊரா இது?

மதுரையிலிருந்து வைகையைப் பிடித்து மேற்கே போனால், ஆண்டிப்பட்டி வட்டாரத்தில் ஆற்றங்கரையில் புலிமான்கோம்பை என்ற ஊர். 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொல்லியலாளர்கள் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். பக்கத்துத் தாதப்பட்டியில் இன்னொன்று. நான்கிலும் தமிழி எழுத்து. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. கி.மு. 3-ம் நூற்றாண்டு வரை கொண்டுபோகும் ஆய்வாளர்கள் உண்டு. இந்தியாவில் எழுத்தோடு கிடைத்த நடுகற்களில் இவையே மிகப் பழையவை என்று சொல்கிறார்கள். பின்னாளில் செங்கம் பக்கம் கிடைக்கும் நடுகற்களைப் போல இவற்றில் வாளேந்திய உருவம் இல்லை, நாய் இல்லை, அம்பு தைத்த உடல் இல்லை. சொரசொரப்பான சிறு பலகைக்கல். அதில் உளியால் கீறிய சில எழுத்துகள்.

அந்தச் சில எழுத்துகளில் என்ன இருக்கிறது? பேடு என்ற ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவன், கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் மாண்டான், இது அவனுக்கான கல் என்று ஒன்றைப் படித்திருக்கிறார்கள். ஆநிரை கவர்வதும் மீட்பதுமான அந்தப் பூசலில் எத்தனை மாடுகள், எந்தத் தலைவன் ஏவினான், யார் வென்றார்கள் என்ற விவரம் எதுவும் கல்லில் இல்லை. ஊர், பேர், எங்கே செத்தான் என்ற மூன்றும் இருக்கின்றன. மூன்று செய்தியைக் கீறுவதற்கு அன்றைய உளிக்காரனுக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் வரிசையாகவே சொல்கிறது. மாடு பிடிக்கப் போன ஒருவனுக்கு அத்தனையும் செய்திருக்கிறார்கள். அவன் அரசனும் இல்லை, படைத்தலைவனும் இல்லை.

அந்த ஆற்றின் கீழ்க்கரையில், இரண்டாயிரம் ஆண்டு கழித்து, நூற்றுக்கணக்கானோர் செத்த ஒரு முற்றுகையில் ஒரு சிப்பாயின் பேரைக்கூட யாரும் கல்லில் கீறவில்லை. இடையில் என்ன மாறியது என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் உண்டு. தீயன் அந்தவன் தன் ஊருக்காகச் செத்தான், ஊர் அவனுக்குக் கல் நட்டது. மதுரையில் செத்த சிப்பாய் சம்பளத்துக்காக, தன் ஊரிலிருந்து எட்டியிருந்த ஓர் இடத்தில், யாரோ இருவரின் வரித் தகராறில் செத்தான். கல் நட வேண்டிய ஊருக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதே கேள்வி. செய்தி போய்ச் சேர்ந்தாலும், எந்தப் போரில் என்று சொல்லி நடுவது?

இந்த நிலை 1764-ல் முடிந்துவிடவில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஆங்கில அரசு சிறு கற்பலகைகளைப் பதித்தது. ஊருக்கு ஊர் ஒரே வாசகம்: இந்தக் கிராமத்திலிருந்து 1914 முதல் 1919 வரை நடந்த மாபெரும் போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். இடையில் எண்ணை மட்டும் மாற்றிப் பொறித்திருப்பார்கள். போனவன் பேர் கிடையாது. அந்தப் பேர்கள் ஊரிலேயே நூறு பேருக்குத் தெரிந்திருக்கும், கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

மெசபொட்டேமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், செத்தவர்களுக்குப் பாஸ்ராவில் பெரிய நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கானது. சென்னைப் படையினர் உட்பட இந்தியச் சிப்பாய்கள் பல்லாயிரவர் அதில் அடங்குவர். ஆங்கிலச் சிப்பாய்களின் பேர்கள் பலகைகளில் வரிசையாகப் பொறிக்கப்பட்டன. இந்திய அதிகாரிகளுக்கும் பேர் கிடைத்தது. இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவும் எண்ணிக்கையும்தான். படைவீரர் கல்லறைகளைப் பேணும் காமன்வெல்த் ஆணையம் 2021 ஏப்ரலில் தானே ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் இறந்தவர்களில் குறைந்தது 45,000 முதல் 54,000 பேர், பெரும்பாலும் இந்தியரும் ஆப்பிரிக்கரும், மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், இன்னும் 1,16,000 பேருக்குக் குறையாமல், 3,50,000 பேர் வரைகூட, பேரில்லாமலோ அறவே நினைவில்லாமலோ விடப்பட்டிருக்கலாம் என்றும் அது ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நூறு ஆண்டு கழித்து வந்த மன்னிப்பு. ஆனாலும் வந்தது. எண்ணிச் சொன்னார்கள். அதற்காக நான் அந்த ஆணையத்தை மதிக்கிறேன்.

அந்த ஆணையம் நன்றாகப் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்று சென்னையில் நந்தம்பாக்கத்தில் இருக்கிறது. பூந்தமல்லி சாலையில் போகிறவர்கள் வெள்ளை வாசலைப் பார்த்திருப்பீர்கள். தெற்கிலும் கிழக்கிலும் பல ஊர்களில் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளை ஒன்றுசேர்க்க 1952-ல் அமைத்தது. 850-க்கும் மேற்பட்ட கல்லறைகள். பின்னால் உள்ள நினைவுச் சுவரில் முதல் போரில் இறந்து, இந்தியாவின் வெவ்வேறு இடுகாடுகளில் கிடப்பவர்களின் பேர்கள் ஆயிரத்துக்கும் மேல். அங்கே தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே உயரக் கல். பேர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. சில கற்களின் அடியில் குடும்பத்தார் எழுதச் சொன்ன ஒரு வரி. பத்தொன்பது, இருபத்தொன்று என்ற வயதுகளைப் படித்துக்கொண்டே நடக்கும்போது, அந்தப் பையன்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்பது மறந்துபோகிறது. அவர்கள் நம்மை அடக்கியாண்ட அரசின் படை என்பதும் எனக்குத் தெரியும். அதற்காக அந்தக் கல்லைப் படிக்காமல் போக எனக்கு மனம் வராது. மதுரை அகழியில் விழுந்த ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இதையேதான் சொல்வேன். அவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். சம்பளத்துக்குக் கப்பல் ஏறியவர்கள். அவர்களுடைய தாய்மாருக்கும் அகழி எங்கே இருந்தது என்று தெரிந்திருக்காது.

மதுரையிலும் அப்படி ஒரு கல் வேண்டும் என்பது என் ஆசை, வேண்டுகோளும்கூட. பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே கோட்டையின் மேற்கு வாசல் பகுதியில் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது. விளம்பரத் தட்டிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவில் அது கோட்டை என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அங்கே ஒரு சிறு கல் நடலாம். 1763–64, இரு தரப்பிலும் இந்த மதிலைச் சுற்றி மாண்டவர்களுக்கு என்று பொறிக்கலாம். தெரிந்த பேர்களை எழுதலாம். தெரியாதவர்களின் ஊர்களையாவது, கம்பெனியின் பழைய கடிதங்களில் கிடைக்கும் அளவுக்கு, எழுதலாம். சென்னை ஆவணக் காப்பகத்தில் அந்தக் கடிதங்கள் இருக்கின்றன. படிக்கத் தெரிந்த மாணவர்களும் மதுரையில் இருக்கிறார்கள்.

மீதிக் கோட்டை எங்கே போயிற்று? அதை வெல்ல இரண்டு படைத்தலைவர்களுக்கு இரண்டு முற்றுகை தேவைப்பட்டது. இடிக்க ஒரு கலெக்டர் போதுமாக இருந்தார். 1834 முதல் 1847 வரை மதுரைக் கலெக்டராக இருந்த ஜான் பிளாக்பர்ன், நகரம் மூச்சுவிட இடம் வேண்டும் என்று மதிலை அகற்ற முடிவு செய்தார். மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த நிலத்தைக் கொடுப்பதாக அறிவித்தார். சனம் திரண்டு வந்தது. மதில் கல்லும் மண்ணும் அகழிக்குள் போயின. வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பேரும், அளந்து கொடுத்த மாரட்டின் பேரும் தெருக்களுக்கு வந்தன. பிளாக்பர்னுக்கு நன்றியாக நகர மக்கள் விளக்குத்தூண் எழுப்பினார்கள். மதில் இருந்த இடத்துக்கு வெளியே வெளி வீதிகள் உருவாயின. கான்சாகிபுவின் பேரும் கான்சா மேட்டுத் தெருவில் தங்கிவிட்டது. அகழியில் விழுந்தவர்களின் மேல் மதில் மண் விழுந்தது, அதன்மேல் வீடுகள் வந்தன, ஜவுளிக்கடைகளும் பாத்திரக்கடைகளும் வந்தன.

யூசுப்கானை ஒழித்துக்கட்டிய நவாபுக்குச் சீமை முழுதும் கைக்குள் வந்துவிட்டதாக நினைப்பு. பாளையக்காரர்களிடமும் ராமநாதபுரம், சிவகங்கை அரசர்களிடமும் பேஷ்குஷ் என்னும் கப்பப் பணத்தை இறுக்கிப் பிடித்துக் கேட்கத் தொடங்கினார். கம்பெனிக்கோ நவாபு பட்ட கடனைத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. எட்டு ஆண்டுகள்கூட முழுதாக ஓடவில்லை. 1772 ஜூனில் கம்பெனித் தளபதிகள் ஜோசப் ஸ்மித்தும் போன்ஜூரும் படைகளை இரண்டு பக்கமிருந்தும் நடத்திக்கொண்டு காளையார்கோவில் காட்டை நெருங்கினார்கள். உள்ளே சிவகங்கை அரசர் முத்துவடுகநாதத் தேவர் இருந்தார்.

(தொடரும்)